அருகம்புல் ஆடிய கை

தாது வருஷம், தை 2, மாட்டுப் பொங்கல்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் மார்கழியிலேயே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. சொன்னவன் நான்தான்.

என் தங்கை முத்தாயம்மாளின் புருஷன் சென்னிமலைக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அப்பா போன வருஷம் காலமானார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் அவர்தான் அருமைக்காரர். சடங்கை எல்லாம் முன்நின்று நடத்தி, அருகம்புல்லைப் பாலில் தொட்டு மணமக்களை வாழ்த்துகிற பெரிய பொறுப்பு. அது இப்போது மகன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் கல்யாணமே எங்கள் வீட்டுக் கல்யாணம். அண்ணன் குழந்தைவேலின் மகள் குஞ்சம்மாளுக்குத் தை பதினெட்டில் முகூர்த்தம். நடத்தித் தருகிறேன் என்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்ட நாளிலிருந்து சென்னிமலை இப்படித்தான். நல்ல நாளும் அதுவுமாக, பொங்கலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

தை 4

மாட்டுக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். சென்னிமலை கையில் பிடித்த அருகம்புல் பூனை மீசை மாதிரி ஆடுகிறது.

“என்ற கையி எனக்கே அடங்கமாட்டீங்குதுங்க மச்சான். ஊரே பாக்குமுங்க” என்றான்.

வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்கிறான். கொடுத்தால் புதுச்சத்திரத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டி வரவேண்டும். அப்புறம் இவனை எவன் கூப்பிடுவான்? பெரியவர் நின்ற இடம் அந்தக் குடும்பத்தை விட்டே போய்விடும். தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் இருக்கும்போது ஏன் கவலை? மூன்றாம் வகுப்பை முழுசாகப் படித்தவன். சேலத்தில் ஒரு துரைக்குத் தூக்கம் வராமல் நாலு டாக்டர்கள் கைவிட்டபோது யோசனை சொன்னவன் யார்? மருந்தே வேண்டாம். நாளை விடியலில் ஆரம்பம்.

தை 5

பனியில் வெறுங்காலோடு வரப்பில் நடத்திக் கூட்டிப் போனேன். கிணற்றடி வாய்க்காலில் காலை விட்டு உட்கார வைத்தேன். பேசக்கூடாது, ஓடுகிற தண்ணீரை மட்டும் பார்க்கவேண்டும் என்பது சட்டம். அவன் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

தை 8

எண்ணெய்க் குளியல். உச்சியில் நல்லெண்ணெயை வைத்து நானே தட்டித் தட்டித் தேய்த்தேன். ஒரு சேர் எண்ணெய் உள்ளே போயிருக்கும். வெந்நீர் ஊற்றியதும் புதுப் பானை மாதிரி பளபளவென்று எழுந்து வந்து, மோர் விட்ட கம்மங்கூழைச் சொம்போடு குடித்தான். ஊரெல்லாம் வரப்போகிற தேர்தல் பேச்சு. எனக்கு இந்தக் கூழ் உள்ளே போனதுதான் பேச்சு.

தை 9

இன்று என் தலைசிறந்த வைத்தியம். படுத்து அசைபோடுகிற எருதின் பக்கத்தில் அவனை உட்கார வைத்தேன். அது மூச்சை இழுத்தால் நீயும் இழு, விட்டால் விடு, அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரத்தில் எருதின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். தேடிக்கொண்டு வந்தாள் முத்தாயம்மாள்.

“ஏனுங்ண்ணா, எங்க ஊட்டுக்காரரை மாட்டோட சேத்துக் கட்டிப்போட்டீங்களா?”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். தை பிறந்து அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

தை 12

புல் ஆடவில்லை. நான் சொன்னேன் அல்லவா.

தை 13

ஆடுகிறது. கொட்டகையில் தனியாக நின்றால் ஆடவில்லை. வேடிக்கை பார்க்க நாலு பேரை நிறுத்தினேன் — ஆடித் தொலைக்கிறது. இதுக்கு எண்ணெயா தேய்ப்பாங்க? என்னடா பண்ணுவேன் சாமி? அஞ்சே நாள் கிடக்குது.

தை 15

மல்லசமுத்திரம் சந்தைக்கு அவனும் நானும் நடந்து போனோம். பாதி வழியில் நின்றுவிட்டான். சாயங்காலம் போய் அண்ணனிடம் வெற்றிலை பாக்கைக் கொடுத்துவிடப் போகிறானாம்.

“எங்கய்யன் கையி ஒருநாளாச்சும் இப்படி நடுங்கியிருக்குமுங்களா?”

அப்போது சொன்னேன். உங்கய்யன் அருமைக்காரராக நின்ற முதல் கல்யாணத்தில் கை நடுங்கி, அருகம்புல்லைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் மூக்குக்குள் விட்டுவிட்டார். அவன் போட்டானே ஒரு தும்மல், தட்டிலிருந்த பால் முழுக்கச் சம்பந்தியின் தலைப்பாகையில். பந்தலே உருண்டு சிரித்தது. உங்கய்யனும் சிரித்துவிட்டு, வேறு புல்லை எடுத்து வேலையை முடித்தார். அடுத்த மாதமே மூன்று கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்.

“நெசமாலுமாங்க?”

“பந்தக்காலைப் புடிச்சுட்டு நின்னு பாத்தவன் சொல்றேன்.”

அவன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். வண்டியில் போனவர்கள் நிறுத்தி, என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். சந்தையில் பொரிகடலையை அள்ளி அள்ளித் தின்றான். வெற்றிலை பாக்கைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

தை 18

முடிந்தது. சந்தோஷத்தில் எனக்கு எழுத்து கோணுகிறது.

பந்தலில் நிற்க இடமில்லை. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பாடுகிற சடையன் மங்கல வாழ்த்தை நீட்டி முழக்கிப் பாடிக்கொண்டிருந்தான். சென்னிமலை புல்லை எடுத்தான். நுனி ஒருதரம் ஆடியது. நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டேன். அவன் நிமிர்ந்து கல்யாண மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்தான். உதட்டோரம் சுழித்தது. எருது மாதிரி மூச்சை இழுத்து நிதானமாக விட்டான். அதற்கப்புறம் அந்தக் கை, பெரியவர் கைதான். வாழ்த்திய சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. குஞ்சம்மாள் தலை குனிந்தபடி தோள் குலுங்கச் சிரிக்கிறாள். தும்மல் கதையை அவள் காதில் போட்டது முத்தாயம்மாளாம்.

அண்ணன் அழுதார். நானும் அழுததாகச் சொல்கிறார்கள். புகை.

தை 19

விருந்து. எழுத உட்கார முடியவில்லை, வயிறு இடிக்கிறது.

தை 22

புதுச்சத்திரத்திலிருந்து ஆள் வந்து, மாசிக் கல்யாணத்துக்குச் சென்னிமலையை அழைத்துவிட்டுப் போனார். அவன் வெற்றிலை பாக்கை வாங்கி வைத்துவிட்டு, இரண்டாம் தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான்.

ஊர் முழுக்க இப்போது பெரியவரின் தும்மல் கதைதான். அந்தக் கல்யாணத்தில் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தது தான்தான் என்றும், தும்மல் சத்தத்தில் ஒரு அடியை விட்டுவிட்டதாகவும் சடையன் சொல்கிறான். தலைப்பாகை நனைந்தது தன் சின்ன மாமனாருக்கு என்கிறாள் பக்கத்துத் தோட்டத்துக் குப்பாயி. துவைத்துப் போட்டவளே அவள்தானாம்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அப்படி ஒரு கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பெரியவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. தும்மல், பால், தலைப்பாகை எல்லாம் சந்தைக்குப் போகிற வழியில் என் வாயில் வந்தவை.

குப்பாயி இரண்டு தும்மல் என்று சாதிக்கிறாள். தப்பு. ஒன்றுதான். உண்டாக்கியவனுக்குத் தெரியாதா?