ஒலிவாங்கி நின்ற பிறகு

2007 ஜனவரி 14, ஞாயிறு

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வாயால் சொல்ல வேண்டியதை இப்படி எழுதிவைப்பது கோழைத்தனம்தான். ஆனால் வாய் திறந்தால் வேறு எதையோ கதைத்துவிடுகிறேன். எழுதும்போது அப்படி இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. ஒஸ்லோவுக்குப் பக்கத்துத் திராமன் நகரில், பார்னவேர்ண் அலுவலகத்தில், அதாவது நோர்வே அரசின் சிறுவர் நலப் பிரிவில். மார்ச் முதலாம் தேதி தொடக்கம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா அதைத் தன் பஸ்ஸில் ஏறும் தமிழர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஆனால் சிறுவர் நலப் பிரிவு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போகிறவர்கள்.

நான் உதவிக்குப் போகும் ஒஸ்லோத் தமிழ் வானொலியிலும் வரும் ஞாயிறு அதுதான் தலைப்பு. ஊர் பிரிந்து நின்று வாதாடும் விஷயங்களை ஒரு நிபுணரைக் கூப்பிட்டு விளக்கவைப்பது டெனிஸ் அண்ணையின் நிகழ்ச்சி. கேள்விகளை நான் எழுதுகிறேன், அவர் வாசிக்கிறார். எனக்கு அது பிடித்த ஏற்பாடு.

“சமாதானப் பேச்செண்டால் லைன் பத்தி எரியும். இதுக்கு ஒருத்தரும் ஃபோன் எடுக்காயினம், பார்” என்றார் அண்ணை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

ஒருவரும் எடுக்கவில்லை. நிபுணராக வந்த நோர்வேஜியப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். வீட்டிலேயே உதவி செய்வதுதான் பெரும்பாலான வேலை, பிள்ளையை எடுப்பது கடைசி வழி என்றார். டெனிஸ் அண்ணை தமிழில் சொன்னார். நேயர்களே, நேயர்களே என்று கெஞ்சியும் பார்த்தார்.

ஒலிவாங்கியை நிறுத்தி, அந்த அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு போன பிறகுதான் தொலைபேசி அடித்தது. வைத்தால் உடனே அடுத்தது.

“இதுதான் எங்கட சனம். ஒஸ்லோவிலை ரேடியோவிலை ஒருக்கால் இருமினால் காணும், ஆர் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்” என்று சிரித்தார் அண்ணை. பிறகு ஒரு அழைப்பில் அவர் முகம் மாறியது. ரிசீவரை என்னிடம் நீட்டினார். “நீ படிச்சனி. நீ கதை.”

மறுமுனையில் தேவிகா அக்கா. ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனில் இருக்கிறார். நான்கு வயது மகள் நிருஜா பாலர் பள்ளியில் ஒருவரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். எதையோ கண்டு பயப்படுகிறாள் என்று ஆசிரியைகளுக்குச் சந்தேகம். பிள்ளையோடு தனியாகக் கதைக்கப்போவதாக முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். அக்கா முதல்நாள் மகளை இருத்தி, “என்ன கேட்டாலும் ‘யா’ எண்டு மட்டும் சொல்லு, குஞ்சு” என்று பழக்கி அனுப்பியிருக்கிறார். நோர்வேஜிய மொழியில் அது ‘ஆம்’.

“அம்மா அன்பானவவோ எண்டு கேட்டவையாம். யா எண்டிருக்கிறாள். அம்மா அடிக்கிறவவோ எண்டும் கேட்டவையாம்—”

அதற்கும் ‘யா’தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. வியாழன் பாலர் பள்ளியில் கூட்டம். போகாமல் பிள்ளையை லண்டனில் தங்கையிடம் அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

“அனுப்பாதேங்கோ அக்கா. நான் உங்களோட வாறன்.” சொன்னது நானா?

வீட்டில் அப்பா வானொலிக்குப் பக்கத்தில் இருந்தார். “ரேடியோவிலை வந்த மனிசி வடிவாத்தான் விளங்கப்படுத்தினா. எண்டாலும் பிள்ளைபிடிகாரர் பிள்ளைபிடிகாரர்தான்” என்றார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

பாலர் பள்ளி வாசலில் அக்காவின் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. பாலர் பள்ளித் தலைவி கெட்டவர் இல்லை. அவரும் பயந்துபோய் இருந்தார், அவ்வளவுதான். பெரியவர்களின் முகத்தை உற்றுப் பார்க்காதே என்றுதான் எங்களை வளர்ப்பார்கள், நானும் அப்படித்தான், இப்போதும் உங்கள் காதைப் பார்த்துத்தான் கதைக்கிறேன் என்றேன். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். ‘யா’ பழக்கியதையும் சொன்னேன். நம்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது நிருஜா உள்ளே வந்தாள். நான் நோர்வேஜிய மொழியில் கேட்டேன்:

“உங்கள் வீட்டில் யானை இருக்கிறதா?”

“யா.”

“குளியலறையிலா?”

“யா.”

தலைவி வாயைப் பொத்திக்கொண்டார். நிருஜா முதல் தடவையாக நிமிர்ந்து, யானை எங்கே என்று தேடினாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அக்கா தமிழில், என்னைப் பார்த்து, “ஒருக்கால் அடிச்சனான். அகப்பைக் காம்பாலை. அதையும் சொல்லு” என்றார். மறைக்கலாம்தான், அக்காவை விட்டால் அறையில் தமிழ் தெரிந்த பெரிய ஆள் நான் ஒருத்திதான். சொன்னேன், அப்படியே. தலைவி அக்காவின் பக்கம் திரும்பினார். சொன்னதற்கு நன்றி என்றார். இதைப் பார்னவேர்ணுக்கு அறிவிக்கத்தான் வேண்டும், ஆனால் நீங்களே சொன்னீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன் என்றார்.

பஸ் தரிப்பிடத்தில் அக்கா, “உன்னைப்போல ஒராள் அங்கை உள்ளுக்கை இருந்தால் எவ்வளவு நல்லம்” என்று அழுதார். வேலை கிடைத்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு முன்னால் அவரிடம்.

ஜனவரி 30

இன்றும் அப்பாவிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

அக்கா நிகழ்ச்சி நடக்கும்போதே எடுத்தார். “என்ரை குரலைத் தெரிஞ்சவை தெரிஞ்சுகொள்ளுங்கோ” என்று தொடங்கினார். அடித்தது, ‘யா’, யானை, எல்லாம் சொன்னார். பார்னவேர்ணிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள், பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள், கிழமைக்கு ஒருதரம் வந்து உதவுகிறார்கள் என்றார். அதோடு நிறுத்தவில்லை. “கூட வந்தது பஸ் ஓடுற சிவானந்தன் அண்ணையின்ரை மகள். அந்தப் பிள்ளைக்கு பார்னவேர்ணிலையே வேலை கிடைச்சிருக்கு.”

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

வீட்டில் வானொலி நிறுத்தியிருந்தது. அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நான் ரேடியோவைக் கேட்டோ பிள்ளை இதை அறிய வேணும்?”

“பயமா இருந்தது அப்பா.”

“எனக்கோ?”

மீதி வெங்காயத்தை நான் வெட்டினேன். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது, நல்லவேளை வெங்காயம்.

பெப்ரவரி 19

அப்பா வேலையைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும்தான்.

பெப்ரவரி 24

டெனிஸ் அண்ணை சொன்னது: அப்பாவின் பஸ்ஸில் ஒருவர் ஏறி, “என்ன அண்ணை, மகள் பிள்ளைபிடிக்கப் போறாவாம்?” என்று கேட்டாராம். அப்பா ரிக்கெற்றைக் கொடுத்துக்கொண்டே, “ஓம். உமக்கு ஏதும் எண்டால் அவளைத்தான் தேடுவீர். இப்ப பின்னுக்குப் போய் இரும்” என்றாராம்.

வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை இந்த மனிதர்!

பெப்ரவரி 28, புதன்

நாளை முதல் நாள். என்னைக் கொண்டுபோய் விட அப்பா லீவு போட்டிருக்கிறார். கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டப் போவதாகச் சொல்லி இறங்கினார், அதை நாளைக் காலையும் செய்யத்தான் வேண்டும். திரும்பி வந்து, “சந்தியிலை இறக்கிவிடுறன், என்ன? அந்தக் கந்தோர் வாசலிலை தமிழாள் நிண்டால், இவையின்ரை பிள்ளையையும் எடுத்துப்போட்டினமாம் எண்டு கதை கட்டுவினம்” என்றார்.

சரி என்று தலையாட்டினேன். நிருஜாவைப் போலத்தான். இரண்டு வருடமாக மற்றவர்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவள் நான். இது ஒன்று எனக்கு. நாளை காரில், திராமன் பாலம் வருவதற்குள், அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்:

அப்பா, சந்தியிலை வேண்டாம். வாசல்வரைக்கும் வாங்கோ. காரை விட்டு இறங்கி, எல்லாரும் பார்க்க, என்னோட ஒரு நிமிசம் அங்கை நில்லுங்கோ.