அட்ஜஸ்ட் பண்ணிய விரிப்புகள்

மார்ச் 3
பஸ்ஸில் ஒரு அம்மா, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்றார். நகர்ந்தேன். "இன்னும் கொஞ்சம்." நகர்ந்தேன். அடுத்த வளைவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். 'சார்' என்று கூப்பிட்ட மயக்கம்.

மார்ச் 4
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் படுத்துவிட்டது. சூப்பர்வைசர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"பச்சைத் தண்ணியில அலசி விடுங்கண்ணே. ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"சீழும் மருந்தும் பச்சைத் தண்ணிக்குப் போகாதே, தம்பி."

"கறையை உள்பக்கமா வெச்சு மடிங்க. கட்டில்ல விரிக்கறப்ப அந்தப் பக்கம் கீழ போயிடும். யார் பாக்கப் போறா?"

மடித்தேன்.

மார்ச் 7
ரெண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த வாடை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் நான். நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டேன் — அட்ஜஸ்ட் என்றால் அகராதியில் என்ன?

"சரியான நிலைக்குக் கொண்டு வர்றதுப்பா. ஸ்க்ரூவைத் திருகுற மாதிரி."

அப்படியா! நம் வாயில் மட்டும் அதற்கு 'மூக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா கிட' என்று அர்த்தம். தூ.

மார்ச் 9
மகளுக்கு வலி எடுத்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறோம். "அப்பா இருக்கற இடம், எனக்கென்ன பயம்?" என்கிறாள்.

மார்ச் 10
பேத்தி! மூக்கு என்னுடையது, பாவம்.

கட்டிலருகே போனதுமே அந்த வாடை. மனைவி பொரிந்தாள். "எந்தப் பாவி துவைச்சான் இதை?"

"அப்பா துவைச்சதா இருக்காதும்மா. விடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மஞ்சள் வட்டம். மூலையை முக்கோணமாக மடித்துத் தேய்க்கிறவன் இந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தன்தான். சீ! பச்சைப் பிள்ளை படுக்கிற இடத்திலயா? மனுஷனா நான்?

மார்ச் 11
மெஷினை நிறுத்திவிட்டு அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னண்ணே இது?" சூப்பர்வைசர் வாசலிலிருந்தே கேட்டான்.

"வெந்நீர் வந்தாத்தான் துவைப்பேன்."

"இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட்—"

"முடியாது. நீ உள்ள வா, ஒரு துணியை எடுத்து மோந்து பாரு. அப்புறம் பேசு."

உள்ளே வரவில்லை. மத்தியானமே மெக்கானிக் வந்தான். ஒரு வால்வு போயிருந்ததாம். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள்!

மார்ச் 12
காலையிலிருந்து எல்லா வார்டுக்கும் வெந்நீரில் துவைத்த விரிப்பு. மகளுக்கு நானே கொண்டுபோய் விரித்தேன். அவள் அதில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்துவிட்டு, தன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாம்மா? இதுதான் அப்பா துவைச்சது."

மனைவியும் தலையாட்டினாள். நான் குனிந்து விரிப்பின் ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் கிடந்ததும் நான் துவைத்ததுதான் என்று சொல்லவில்லை.