தைலம் படாத செல்

நேற்று பல்வலி தாங்காமல் முக்குக்கடை அண்ணாச்சியிடம் கிராம்புத் தைலம் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் நம் ஆய்வகம் வந்துவிட்டது, கூடவே நீயும். நீ போய் நான்கு வருடமாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உன் மேல் இல்லை.

கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் மனித செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறதா என்பதுதான் நம் இருவரின் ஆய்வு. ரத்தத்திலிருந்து எடுத்த செல்லை ஜெல் கூழில் பதித்து மின்சாரம் பாய்ச்சுவோம். டி.என்.ஏ. முழுசாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் உருண்டையாகத் தெரியும்; உடைந்திருந்தால் அந்த உருண்டையிலிருந்து வால் நீளும். செய்கிறவரே ரத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். "எம் மேலுல ரத்தத்துக்கா பஞ்சம்?" என்று புன்னைக்காயல்காரி நீதான் முதலில் கையை நீட்டினாய்.

தைலம் விட்ட செல்லில் வால் இருந்தது. தைலமே படாத செல்லிலும் இருந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே.

"எங் கைதான் சரியில்ல போல, ஏளா," என்றாய். முகம் வெளிறியிருந்தது. அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுரை அனுப்பும் நாள் நெருங்கியிருந்தது. "உன் ரத்தத்த விடுளா, என்னோடத வச்சி முடிச்சிருவோம். இல்லன்னா கைடு சார் நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு," என்றேன். உன் ஸ்லைடுகளைக் குப்பையில் போட்டதும் நான்தான்.

என் செல்கள் நல்ல பிள்ளைகளாக உருண்டு நின்றன. தைலத்தின் மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. மக்ரூன் வாங்கிக் கொண்டாடினோம். நீ ஒன்றைக் கடித்துவிட்டு, வாய்க்குப் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டாய்.

பிறகு விடாத காய்ச்சல். மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள், முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள். டாக்டரிடம் அந்த ஸ்லைடுகளைப் பற்றிச் சொன்னேன். "இந்த நோயால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வால் வர எத்தனையோ காரணம் உண்டும்மா," என்றார். நியாயமான பதில்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வாலைத் தேடுவதே நம் வேலை. கண்ணெதிரே நீண்டதைக் கைத்தவறு என்று ஒதுக்கினோம். போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்று உன்னிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என் மாணவிகளில் யாருடைய செல்லிலாவது காரணமில்லாமல் வால் தெரிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். உள்ளே ஒரு வரி: 'ஒரு கொடையாளரின் ரத்த மாதிரி ஏற்புடையதாக இல்லாததால் விலக்கப்பட்டது.' எழுதியவள் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அச்சுப் பிரதியைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்து, "இது நாந்தானேளா?" என்று சிரித்தாய். ஜன்னலைச் சாத்தப்போவதுபோல் எழுந்து போனேன்.

அந்தப் பதில் இன்னும் என்னிடமே கிடக்கிறது. ஆமாளா, நீதான்.