கிணற்றடியில் அழுத மார்ஷல்

பெப்ரவரி 9, 2025 – ஞாயிறு

அப்பாவுக்கு அந்த டிவிடிப் பெட்டியைக் கொடுத்து இன்றோடு மூன்று ஞாயிறு. 'டிறை றிவர்'. அறுபதுகளில் எடுத்த அமெரிக்கக் குதிரைக்காரத் தொடர், கறுப்பு வெள்ளை, எழுபத்தெட்டுப் பாகம். எண்பத்திரண்டு, எண்பத்துமூன்றில் இங்கே ரீவியில் போனதாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ரநெற்றில் தேடி ஓடர் பண்ணினேன். பிளேயர் புறக்கோட்டையில் வாங்கிய பழசு. லென்ஸைத் துடைத்துக் கொடுத்தேன், ஓடுகிறது.

பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனால் மனுஷன் கதிரை நுனியில் இருக்கிறார். பாகம் பதினொன்று. முடிந்ததும் றிமோட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது வெட்டின கொப்பி."

ஒறிஜினல், சீல் உடையாமல் வந்தது என்றேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. தொடரில் ஹோட்டல் நடத்தும் விதவை ஒருத்தி வருகிறாள். அவளுக்கும் கதாநாயகனான மார்ஷலின் செத்துப்போன கூட்டாளிக்கும் கலியாணம் பேசியிருந்ததாம். அந்தக் கதையையே காணோமாம். நான் பக்கத்தில் இருந்து முழுதும் பார்த்தவன். அந்தப் பெண் கதைத்தது எல்லாம் கூரை ஒழுகுவதைப் பற்றி. வேறொன்றும் இல்லை. கூரை.

ஆனால் அந்த இடத்தில் அப்பாவின் கண் கலங்கியது. கூரைக்கு யார் அழுவார்கள்?

பெப்ரவரி 12 – புதன்

ஹெவ்லொக் டவுனில் ஒரு லிப்ட் திருத்தப் போனேன். நாலாம் மாடியில் நின்றால் கதவு திறக்காது, ஆனால் நான் போகும்போது மட்டும் திறக்கும். பராமரிப்புக்காரனிடம் எழுதுகிற கொப்பி ஒன்றைக் கொடுத்தேன். நேரம், மாடி, என்ன நடந்தது, மூன்றும் எழுது என்றேன். எழுதிவைத்தால்தான் பழுது பிடிபடும்.

அப்பாவுக்கும் அப்படி ஒன்று தொடங்கினால் என்ன? அறுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு இரண்டு வருஷமாகத் தனியே. அடுப்பு, காஸ், மாடிப்படி.

பெப்ரவரி 16 – ஞாயிறு

பாகம் பதினாலு. தொடங்கவே அப்பா கதை சொல்லத் தொடங்கிவிட்டார். கறுப்புத் தொப்பி போட்டு ஊருக்குள் வருகிற மெலிந்தவன் மார்ஷலின் கூடப்பிறந்த தம்பியாம். ஏழு வயதில் காணாமல் போனவனாம். இடக்கையில் விளக்குச் சுட்ட தழும்பு இருக்குமாம். ஆளைத் தெரியாமல் மார்ஷல் அவனைச் சுட்டுவிட்டு, தழும்பைப் பார்த்து, விடியும் வரைக்கும் கிணற்றடியில் இருந்து அழுவானாம்.

படத்தில் நடந்தது: மெலிந்தவன் றெயில் பாதைக்கு நிலம் அளக்க வந்த ஆள். வாய்த்தர்க்கம், சூடு. மார்ஷல் கிணற்றடியில் இருப்பது உண்மை. குதிரைக்குக் கால் நொண்டியதால் இருக்கிறான். அழவில்லை. முகம் கழுவுகிறான்.

கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன். அங்கே பழகிய இங்கிலீஷில் இப்போது மெதுவாக என்றாலும் வாசிப்பார். வாசித்தார்.

"எழுத்தைப் பிழையாப் போட்டிருக்கிறாங்கள்."

குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் எனக்குப் பயம். மறந்துபோகிறவர்களை எனக்குத் தெரியும், தடுமாறுவார்கள். இவர் நடக்காததைக் கண்ணால் கண்டமாதிரிச் சொல்கிறார்.

போனில் லொக் தொடங்கிவிட்டேன், திகதி போட்டு எழுதுகிற குறிப்பு. தழும்பு உட்பட எல்லாம் அவர் சொன்ன சொல்லிலேயே.

பெப்ரவரி 19 – புதன்

நாலு தடவை எடுத்தும் அப்பா போனுக்கு வரவில்லை. கடைசியில் மட்டக்குளியிலிருந்து தானே எடுத்தார். ஏன் அங்கே போனீர்கள் என்றால், "பஸ் வந்துது, ஏறினனான்." லொக்கில் போட்டேன்.

பெப்ரவரி 23 – ஞாயிறு

டிவிடி உறைகளின் மூலையில் பென்சில் கோடு. ஒவ்வொன்றிலும். என்ன என்று கேட்டேன்.

"ஆரும் மாத்தினாத் தெரியோணுமெல்லே."

அந்த வீட்டுக்கு வருகிறவன் நான் ஒருவன்தான். ஆக, நான் வந்து டிஸ்க்கை மாற்றுகிறேன் என்று நினைக்கிறார்! குசினிக்குள் போய் இதையும் போனில் எழுதினேன். திரும்பினால் வாசலில் நிற்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். வேலை விஷயம் என்றேன். பொய். அவருக்கும் அது பொய் என்று விளங்கிவிட்டது.

பெப்ரவரி 27 – வியாழன்

மெல்பேர்ணிலிருந்து அக்கா ஷெரோமி போன் எடுத்தாள். லொக்கை வாசித்துக் காட்டினேன், பத்தொன்பது வரி. சிரித்தாள். தன்னோடு நல்லாத்தானே கதைக்கிறார் என்றாள். கிழமைக்குப் பத்து நிமிஷம் கதைத்தால் எல்லாரும் நல்லாத்தான் கதைப்பார்கள் என்றேன். அதற்கு மேல் சிரிக்கவில்லை.

டொக்டரிடம் காட்டப்போகிறேன், தனியே இருக்கக்கூடாது என்று சொன்னால் வெள்ளவத்தைக்குக் கூட்டிவருவேன் என்றேன்.

"பிறெடி, அந்த வீட்டால எடுத்தா அவர் ஆறு மாசத்துக்கு மேல நிக்கமாட்டார். வடிவா யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? காஸைத் திறந்துவிட்டு மார்ஷலைத் தேடிக்கொண்டிருந்தால் ஆறு நாள்கூட நிற்கமாட்டார்.

மார்ச் 6 – வியாழன்

களுபோவிலப் பக்கம் ஒரு நரம்பு டொக்டரின் கிளினிக். அப்பாவிடம் பிரஷர் பார்க்க என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

நினைவுச் சோதனை வைத்தார். திகதி, ஐந்து சொல், மணிக்கூடு கீறுதல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல். முப்பதுக்கு இருபத்தேழு. வயதுக்கு நல்லது என்றார் டொக்டர். அத்தோடு எழும்பியிருக்கலாம். வீட்டில் ஏதும் வித்தியாசம் கண்டீர்களா என்று அவர் கேட்டார். நான் போனை எடுத்து லொக்கை வாசித்தேன். முழுவதையும், திகதியோடு. அப்பா பக்கத்தில் இருக்கவே. கூரைக்கு அழுதது, இல்லாத தம்பி, பென்சில் கோடு, மட்டக்குளி.

டொக்டரின் முகம் மாறியது. நடக்காததை நடந்ததாக உறுதியாகச் சொல்வதைச் சும்மா விடக்கூடாது, ஸ்கான் எடுப்போம், அதுவரை தனியே விடவேண்டாம் என்றார்.

அப்பா காரில் ஏறியபின் ஒன்று மட்டும் கேட்டார்.

"எப்ப இருந்து எழுதுறாய்?"

மார்ச் 8 – சனி

காஸ் றெகுலேற்றரைக் கழற்றினேன். யன்னல்களைப் பூட்டினேன். இரண்டு பைகளோடு அப்பாவை என் பிளாட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறாம் மாடி, கடல் தெரியும். நல்ல இடம் என்றேன். கடலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தபடி கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார்.

மார்ச் 13 – வியாழன்

டிவிடிப் பெட்டியைத் தொடவேயில்லை. ஸ்கான் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஸ்கானில் தெரியாது என்றும் நெற்றில் போட்டிருக்கிறது.

சாப்பாட்டில் பாதியை விடுகிறார். இன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. சரி, அந்தத் தம்பிக் கதையை யார் உங்களுக்குச் சொன்னது என்று கத்திவிட்டேன்.

"மஜீட்டைக் கேள்."

யார் மஜீட்? அந்த நாளில் கொட்டாஞ்சேனை லேனில் ரீவி வைத்திருந்த ஒரே ஆளாம், சைக்கிள் சாமான் கடைக்காரனாம். வீட்டுக்குள் இடம் இல்லாமல் முழு லேனும் யன்னலால் பார்க்குமாம், அவன் ரீவிக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷைத் தமிழில் சொல்லுவானாம்.

இந்தப் பெயரை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மார்ஷலின் தம்பி மாதிரி இவனும் ஒருத்தனோ?

மார்ச் 15 – சனி

கொட்டாஞ்சேனைக்குப் போய் விசாரித்தேன். மூன்றாவது கடையில் ஒரு கிழவர் தலையாட்டினார். மஜீட் இருந்தது உண்மை. தொண்ணூறுகளிலேயே வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாராம்.

எங்கே? வெள்ளவத்தை. என் பிளாட்டிலிருந்து நடந்தால் ஒன்பது நிமிஷம்.

மார்ச் 16 – ஞாயிறு

மகள் சஹ்லா கிறில் கதவைத் திறக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தா. பழைய ரீவி விஷயம் என்றதும் இன்னும் மோசம், ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்திருக்கவேண்டும். வலன்ரைனின் மகன் என்று சொன்னேன். உள்ளே இருந்து ஒரு குரல், "எந்த வலன்ரைன்? கிரேன் வலன்ரைனா?"

மஜீட் நானாவுக்கு எண்பது இருக்கும். காலில் வீக்கம், கண் தெளிவு. நான் வழிகாட்டக்கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தேன். டிறை றிவர் நினைவிருக்கிறதா என்றேன், இருக்கிறது என்றார். கிணற்றடி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"ஓ, தம்பிக்காரன சுட்ட கதை. ஏழு வயசில தொலஞ்சவன். எடக்கையில வெளக்கு சுட்ட தழும்பு."

போனைத் திறந்தேன். பெப்ரவரி 16, என் லொக். இடக்கை. விளக்கு. ஏழு வயது. ஒரு சொல் பிசகவில்லை.

படத்தில் அப்படி ஒரு தம்பியே இல்லை என்றேன். நானா வயிறு குலுங்கச் சிரித்தார். சஹ்லா தண்ணீரோடு ஓடிவந்தா.

"எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும் மகன்? ஊரே யன்னல்ல நிக்கிது. மஜீட் நானா, என்ன சொல்றான், என்ன சொல்றான்னு கேக்குது. வெளங்கல்லன்னு சொல்லேலுமா? மானம் போகுமே."

முதல் கிழமை ஊகித்துச் சொன்னாராம். இரண்டாம் கிழமை பிடித்துப்போயிற்றாம். கடையில் சைக்கிள் ரியூப் ஒட்டும்போதே அடுத்த கிழமைக்குக் கதை யோசிப்பாராம். ஹோட்டல் விதவையைப் பற்றிக் கேட்டேன்.

"அவ கதைச்சிட்டே ஈக்கிறா. நான் எவ்வளவு நேரம் சும்மா நிக்கிற? ஒரு கலியாணத்தப் போட்டேன்."

யாருக்கும் பிடிபடவில்லையா என்றேன். லேனில் இங்கிலீஷ் தெரிந்த வீட்டுக்காரர் யாரும் யன்னலில் வந்து நிற்கமாட்டார்களாம். சிரிப்பு அடங்கியபின் நானா குரலைத் தாழ்த்தினார். அடுத்த நாள் விடியவே அப்பா கடைக்கு வருவாராம், வேலைக்குப் போகமுதல். தம்பிக்குத் தன்னைச் சுட்டது அண்ணன்தான் என்று தெரியுமா, தெரியாமலா செத்தான் என்று கேட்டாராம். மூன்று நாள் கேட்டாராம். "அதுக்குப் பொறகு நான் ஒருத்தரையும் சும்மா சாகடிக்கல்ல."

நாற்பத்திரண்டு வருஷம். ஒரு பொய்யை அப்பா ஒரு சொல் சிந்தாமல் வைத்திருக்கிறார். நான் அதைத்தான் நோய் என்று எழுதி, டொக்டருக்கு வாசித்தும் காட்டினேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்த நாளில் ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாத நீங்கள் எப்படி விளங்கிப் பார்த்தீர்கள் என்று. லிப்டில் முதலில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றுதானே பார்ப்பேன். மடையன்.

மார்ச் 17 – திங்கள்

அரைநாள் லீவு போட்டேன். அப்பாவுக்கு முன்னால் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்து எல்லாம் சொன்னேன். மஜீட் இருக்கிறார். கதை முழுக்க அவர் கட்டினது. டிவிடி சரி. உங்கள் நினைவும் சரி. நான்தான் பிழை.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேனோ, கோபப்படுவார் என்றோ. முகத்தில் ஒன்றும் இல்லை. மஜீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"டொக்டருக்குச் சொல்லிப்போட்டியா?"

இல்லை என்றேன்.

"அங்க எல்லாம் வாசிச்சனீ. இதையும் போய்ச் சொல்லு."

அவருக்கு முன்னாலேயே கிளினிக்குக்கு எடுத்தேன், ஸ்பீக்கரில் போட்டு. இருபது நிமிஷம் காக்கவைத்தார்கள். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் இருபத்தேழு இருபத்தேழுதான், இனி அடுத்த வருஷம் காட்டினால் போதும், அவர் விருப்பப்படி இருக்கலாம் என்றார். மட்டக்குளி விஷயத்தைக் கேட்போமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் எழும்பிப் போய்ப் பைகளை எடுத்துவைத்தார்.

மார்ச் 18 – செவ்வாய்

கொட்டாஞ்சேனை. றெகுலேற்றரைப் பூட்டி, சோப்பு நுரை போட்டு ஒழுக்குப் பார்த்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார், நான் ஏதும் செய்துவிடுவேன் என்கிறமாதிரி. வெளிக்கிடும்போது கையை நீட்டினார். ஏதோ தரப்போகிறார் என்று நினைத்தேன்.

"திறப்பைத் தா."

அந்த வீட்டில் பிறந்தவன் நான். பதினைந்து வயதிலிருந்து என்னிடம் ஒரு திறப்பு இருக்கிறது. சாவி வளையத்தில் இருந்து கழற்ற நேரம் எடுத்தது. நகம் உடைந்தது.

மார்ச் 23 – ஞாயிறு

போகவில்லை. அவரும் எடுக்கவில்லை.

மார்ச் 30 – ஞாயிறு

பூசை முடிந்து போனேன். கதவு உள்ளால் பூட்டியிருந்தது. உள்ளே குதிரைச் சத்தம், துவக்குச் சத்தம். தட்டினேன். சத்தம் நின்றது.

"ஆர்?"

நான் என்றேன்.

"என்ன விஷயம்?"

விஷயம் ஒன்றும் இல்லை, சும்மா வந்தனான் என்றேன்.

"படம் முடியட்டும்."

திரும்பவும் குதிரைகள் ஓடத் தொடங்கின. படியில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கடந்து போகும்போது ஏன் வெளியில் என்று கேட்டா. படம் ஓடுகிறது என்றேன்.

இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும், கதவு திறந்தது. அப்பா முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார், பிறகு சேட்டுப் பொக்கற்றை. போன் வெளியே தெரிந்தது. எடுத்து வாசல் யன்னல் விளிம்பில் வைத்தேன்.

விலகி வழிவிட்டார்.