நாங்கள் காசி என்று சொன்ன ஊர்

9 ஜனவரி 1957
பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்குப் போனேன். பொள்ளாச்சி வண்டி தாமதம். புக்கிங் கிளார்க் கிதர் முகம்மது ஜன்னலுக்குள்ளிருந்து, "என்ன டீச்சரம்மா, இன்னிக்கும் எஞ்சினுக்கெல்லாம் ஆஜர் எடுத்தாச்சா?" என்றார். "ஒண்ணு லீவு" என்றேன். நான் ரயில் பார்ப்பதை இந்த ஊரில் கேலியோடு விட்டுவிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் காரணம் தேடுவார்கள்.

சரஸ்வதியும் வந்திருந்தாள். எங்கள் பள்ளித் தையல் டீச்சர். புருஷன் இல்லை, சின்னாளப்பட்டியில் நாத்தனார் வீட்டோடு இருக்கிறாள். எஞ்சின் வந்து நின்றதும், "இது வேற எஞ்சின்க்கா, மூச்சு வேற மாதிரி விடுது" என்றாள். சரிதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளிடம்தான் முதலில் சொன்னேன். மே லீவில் பீகார். தன்பாத், ஜாரியா. இத்தனை வருஷமாக வகுப்பில் தேசப் படத்தில் கோலை வைத்து, "இங்கே நிலக்கரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பார்த்ததில்லை. அகலப் பாதையில் ராவும் பகலும் கரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருமாம். பூமிக்கடியில் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லையாம். ஒரு பாலத்தின்மேல் ஒரு முழுப் பகல் நின்றால் போதும் எனக்கு.

"நானும் வாரேன்க்கா" என்றாள். யோசிக்கவே இல்லை. அது கொஞ்சம் நெருடியது. பிறகு சந்தோஷப்பட்டேன்.

21 ஜனவரி
துணை இல்லாமல் அண்ணன் என்னை அனுப்பமாட்டார். ஐம்பதை நெருங்குகிறவள், இன்னும் அனுமதி. காரணம் இல்லாமல் அவள் வீட்டில் அவளை விடமாட்டார்கள். கரி பார்க்க என்றால் யார் நம்புவது?

வழி கண்டுபிடித்தவள் சரசுதான். "காசிக்குன்னு சொல்லிருவோம்க்கா. காசிக்குப் போறவங்கள ஏன்னு எவன் கேப்பான்?" கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போகும் வழியில்தான் தன்பாத் இருக்கிறது. ஆகவே பாதிப் பொய்தான். கோயில் வாசல் மிதிக்காத என் வாயில் காசி! ஆசிரியர் அறையில் "நம்ம காசி" என்று பேசிக்கொள்கிறோம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

16 பிப்ரவரி
வகுப்பு முடிந்தபின் கரும்பலகையில் பாதையைப் போட்டுக் காட்டினேன். எழும்பூரில் இறங்கி சென்ட்ரல், ஹௌராவில் மாற்றம், பகலில் போகிற வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். சரசு சிறு பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "தன்பாத்துல ரெண்டு நாள் இறங்கிட்டு, அதே டிக்கெட்டுல மேல போகலாம்." நூற்றுக்கு நூறு.

3 மார்ச்
அண்ணி கங்கைத் தீர்த்தம் கேட்டாள். சரி என்றேன். பொய் நன்றாக வளர்கிறது.

28 மார்ச்
"உங்க காசி கோஷ்டிக்கு டிக்கெட் போட்டாச்சே, நீங்க தனியாவா போறீங்க?" என்று கேட்டார் கிதர் முகம்மது. எனக்குப் புரியவில்லை. சரசுவின் நாத்தனார் புருஷன் பொன்னுத்துரை நேற்று வந்தாராம். அவர், அவர் மனைவி, சரசு. "எங்க மாறணும், எது பகல் வண்டி, அம்புட்டும் மடமடன்னு சொன்னாரு. உங்க பாடம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

தன்பாத்?

"நடுவுல எங்கயும் இறங்கலம்மா. நேரா கயா, காசி."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

29 மார்ச்
சரசு தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினாள். "அவங்களும் வாரேன்னுட்டாங்கக்கா. சாமி கும்பிடாதவங்க கூட வந்தா யாத்திரை பலிக்காதுன்னு நாத்தனார் ஒரே பிடியா நிக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நீ என்ன சொன்னே?"

"அழுதேன்க்கா."

எதையும் சந்தேகப்படுகிறவள் நான். அந்த ஒரு வார்த்தையை நம்பிவிட்டேன்.

5 மே
இன்று அவர்கள் கிளம்பும் நாள் என்று தெரியும். அதற்காக என் ஸ்டேஷனுக்கு நான் போகாமல் இருப்பதா? போனேன். மாலையும் திருநீறுமாக மூன்று பேர். நாத்தனார் சுந்தரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வந்திருக்கலாம்ல டீச்சர்! படிச்சவங்க கூட இருந்தா நல்லதுன்னு நான் அம்புட்டு சொன்னேன். இவதான், 'வேண்டாம் மதினி, அது எஞ்சின் பைத்தியம், நடுவழியில இறங்கு இறங்குன்னு உசிர வாங்கும்'னுட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கள்ளமில்லாத சிரிப்பு. அதனால்தான் உண்மை என்று தெரிந்தது.

சரசு ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது". எதிரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அது.

ஏன்டி? பக்கத்துல நின்னு பாத்தியேடி — மூச்சு வேற மாதிரி விடுதுன்னு நீயாத்தானே சொன்னே? நானா சொல்லச் சொன்னேன்? அதுவும் பொய்யா? இல்லை, அது மட்டும் நிஜமா? எது மோசம்?

10 ஜூன்
சரசு சொம்பில் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணிக்கு ஆகும், வாங்கிக்கொண்டேன். ஒன்றே ஒன்று கேட்டேன்: தன்பாத் எப்படி இருந்தது?

"நீங்க சொன்ன மாதிரியே பகல்லதான் போச்சுக்கா. ஒரே கரி. கண்ணுல விழுதுன்னு ஜன்னல இறக்கிட்டோம். கயா வரைக்கும் நல்ல தூக்கம்."

ஜன்னலை இறக்கிவிட்டார்கள்.

22 ஆகஸ்ட்
ஆசிரியர் அறையில் ஆயக்குடிக் கொய்யா நறுக்கி எல்லோருக்கும் நீட்டினார்கள். சரசு கையெடுத்துக் கும்பிட்டு, "காசியில விட்டுட்டேன். பிடிச்சது ஒண்ண விடணும்ல" என்றாள். விதை பல்லில் மாட்டுகிறது என்று கொய்யாவைத் தொடவே மாட்டாள் இவள்.

30 ஏப்ரல் 1958
அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "காசிக்கா?" "இல்லை. கரி பார்க்க." சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை அவர். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

கிதர் முகம்மது, "துணைக்கு யாரும்மா?" என்றார். ஒரு டிக்கெட் என்றேன். கேலி செய்யவில்லை. செய்திருக்கலாம்.

14 மே, ஓடும் வண்டியில்
அசன்சோல் தாண்டிவிட்டது, இனி தன்பாத்தான். எழுத்து ஆடுகிறது. இரண்டு பக்கமும் தண்டவாளம், அதற்கப்பாலும் தண்டவாளம். ஒரு கரி வண்டி எங்களோடு கூடவே ஓடிவந்து மெல்லப் பின்தங்குகிறது. அதன் எஞ்சின் மூச்சு வேறு மாதிரி. சொல்வதற்குப் பக்கத்தில் திரும்பினேன். திரும்பியபிறகுதான் நினைவு வந்தது.

எதிரே இருக்கும் அம்மாள் ஜன்னலை இறக்கச் சொல்லி இரண்டாம் முறையாகச் சைகை காட்டுகிறாள். என் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்துத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது. கரிதான் அம்மா, ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது.

இறக்கவில்லை.