சிரித்தால் சரிந்துவிடும் அக்காவுக்கு

என் ஆசை முத்தக்கா,

போன வாரம் ராஜபாளையம் வந்திருந்தேன். நீ வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனி வாசலில் உன் கூட்டாளி செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கக்காவ மொதல்ல துணிக்கட்டு மேல உக்கார வச்சிட்டுத்தான் நாங்க கேலியே பேசுவோம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் அழுதுவிட்டாள்.

சிரித்தால் உனக்குக் கால் துவண்டு சரிந்துவிடும். வேலைக்கு நடுவே கண் தானாகச் செருகும். சூப்பர்வைசர் உன்னைச் சோம்பேறி என்றார். அம்மாவோ யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். வீட்டில் உன் முன்னால் யாரும் சிரிப்பு மூட்டக் கூடாதென்று உத்தரவும் போட்டாள். எல்லாம் பாசத்தில்தான். ஆனாலும் அந்த வீட்டில் எப்படியக்கா இருந்தாய்?

காய்ச்சலில் நீ எங்களை விட்டுப் போய், நான் மருந்து ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நம்மை விழித்திருக்க வைக்க மூளையில் ஒரு சின்னப் புரதத் துண்டு சுரக்கிறது. பெப்டைடு என்பார்கள். அது நரம்புச் செல்லில் தனக்கென்று உள்ள இடத்தில் ஒட்டி, சேதி சொல்லிவிட்டு விலகும். உனக்கு அது வற்றிப்போயிருக்க வேண்டும்; அதனால்தான் பகலில் கண் செருகியதும், சிரித்தால் கால் துவண்டதும்.

அதன் வேலையைச் செய்யும் மருந்தைத்தான் இப்போது தேடுகிறோம். அந்தத் துண்டு எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்று அளந்து, எங்கள் மருந்துகளை அதனோடு ஒப்பிடுகிறோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பிடித்தால் லேசில் விடாது. மற்றது பகலெல்லாம் பிடித்திருந்து, பொழுது சாய்ந்தால் விட்டுவிடும் போலிருக்கிறது.

விடாததையே எடுக்கலாம் என்றார் எங்கள் தலைவர். அது ராத்திரியும் தூங்க விடாதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நீ சொன்னாயே: "ஏட்டி, பகல்ல தூங்குறேன்னு எல்லாரும் ஏசுதாக. ராத்திரி நான் அசந்து தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னு ஒருத்தரும் கேக்கல." அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். இரண்டு மருந்தையும் விலங்குகளுக்குக் கொடுத்து, இரவுத் தூக்கத்தையும் பார்த்த பிறகே முடிவு என்று தலைவர் ஒத்துக்கொண்டார்.

மனிதர் கைக்கு வர இன்னும் வெகுகாலம் ஆகும். வராமலும் போகலாம். உனக்கென்று வராதே, அந்த ஆற்றாமை எனக்குத் தீரவே தீராது.

மாத்திரை வந்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உன்னைப் போல ஒருத்திக்குப் பகலைக் கொடுத்து ராத்திரியைப் பிடுங்கும் மருந்துக்கு என் சம்மதம் கிடையாது. அது மட்டும் சத்தியம்.

உன் பாயில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்ட தங்கச்சி,
காமாட்சி