நடந்தது இரண்டு கால், வீங்கியது ஒன்று

எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடக்கிற என் அப்பாவுக்கு,

சாந்தோமில் மழை விட்டு வெயில் கொளுத்துகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள், மாத்திரை போடச் சொன்னால் மட்டும் காது கேட்காது. எனக்குத்தான் அசதி அப்பா. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

போன வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்த் திரும்பினீர்கள், இடது கால் வீங்கியிருந்தது. "அவ்ளோ தூரம் நடந்தா வீங்காம இன்னா பண்ணும்? மாதா பாத்துக்குவாங்க" என்றீர்கள். நடந்து வந்தவர்கள் எல்லார் வீட்டிலும் சூடாக எண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்ப்பதுதானே வழக்கம். நானும் ஒரு வாரம் அழுத்தித் தேய்த்தேன். நடந்தது இரண்டு காலும், வீங்கியது ஏன் ஒன்று மட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கணக்கு டீச்சரான எனக்கும்தான்.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. அதற்காக எடுத்த ஸ்கேனில் நுரையீரலிலேயே புற்றுநோய்க் கட்டியும் தெரிந்தது. பீடியைத் தொடாத மனிதருக்கு! அந்தக் கட்டிதான் ரத்தத்தை உறைய வைக்கிறது என்றார் டாக்டர். அப்புறம் ஏழு மாதம், ரத்தம் உறையாமலிருக்க, தினமும் உங்கள் வயிற்றில் ஊசி போட்டேன். "குத்துனதே தெர்லம்மா" என்று பொய் சொல்வீர்கள்.

ஒரு கேள்வியை மட்டும் அப்போது டாக்டரிடம் கேட்கவில்லை. பயம். உங்களை அடக்கம் செய்து நாலு மாதம் கழித்து, நேற்றுதான் போய்க் கேட்டேன்.

"நான் தேய்ச்சதாலதான் அந்தத் துண்டு நகர்ந்துச்சா டாக்டர்?"

"தேய்ச்சிருக்கக் கூடாதும்மா. ஆனா அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. தேய்க்காமலும் நகரும்."

ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் இந்த வருடம் நடப்பவர்கள் கூடுகிறார்கள். உங்கள் கூட்டாளி தாமஸ் அங்கிள் வந்து, "அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்த பேசும்மா" என்றார். உங்கள் பக்தியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவம். ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெயைத் தொடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள் என்று சொல்லப் போகிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அம்மாவும் அங்கே இருப்பாள். "நல்லா அழுத்தித் தேய்டி" என்று தினமும் எண்ணெயைக் காய்ச்சி என் கையில் கொடுத்தது அவள்தான். தேய்த்தது நான் என்று சொல்லிவிடுகிறேன். தேய்க்கச் சொன்னது யார் என்று எவர் கேட்டாலும், அம்மாவே கேட்டாலும், நானாகத்தான் செய்தேன் என்பேன். சத்தியம் அப்பா.

உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா